இதயத் துடிப்பு காட்டும் கைக்கடிகாரத்தின் வரலாறு

இதயத் துடிப்பு காட்டும் கைக்கடிகாரம் என்பது, அணிந்திருப்பவரின் இதயம் ஒரு நிமிடத்தில் எத்தனை முறை துடிக்கிறது என்பதை, அவர் நடக்கும்போதும் ஓடும்போதும் உறங்கும்போதும் தொடர்ந்து அளந்து காட்டும் கருவியாகும். இது இரண்டு வகைப்படும். முதல் வகையில் மார்பில் கட்டிய பட்டை ஒன்று இதயத்தின் மின்துடிப்பை உணர்ந்து, அதைக் கம்பியில்லாமல் கடிகாரத்துக்கு அனுப்பும். இரண்டாம் வகையில் கடிகாரத்தின் அடிப்பகுதியிலுள்ள சிறு விளக்குகள் தோலுக்குள் ஒளியைச் செலுத்தி, குருதி ஓட்டத்தின் ஏற்ற இறக்கத்தைக் கொண்டு துடிப்பைக் கணக்கிடும்.

இரண்டும் ஒரே எண்ணைக் காட்டினாலும் அவை அளக்கும் பொருள் வேறு, வரலாறும் வேறு. ஒன்று இதயத்தின் மின்சாரத்தைத் தேடிய ஆய்வாளர்களின் வழியில் வந்தது. மற்றொன்று மணிக்கட்டில் விரல் வைத்து நாடி பார்த்த மருத்துவர்களின் வழியில் வந்தது. எந்தக் கடிகாரத்தை எந்தப் பயிற்சிக்குத் தேர்ந்தெடுப்பது, அது காட்டும் எண்ணை எவ்வளவு தூரம் நம்புவது என்ற கேள்விகளுக்கு விடை இந்த வரலாற்றிலேயே இருக்கிறது.

நாடியை எண்ணத் தொடங்கியது

நாடி பார்த்தல் மிகப் பழைய மருத்துவ முறை. சித்த மருத்துவர் மணிக்கட்டில் மூன்று விரல்களை வைத்து வாதம், பித்தம், கபம் ஆகியவற்றின் நிலையை அறிவார். சீன மருத்துவத்திலும் கிரேக்க மருத்துவத்திலும் இதற்கு இணையான முறைகள் இருந்தன. இவற்றில் எல்லாம் நாடியின் வேகத்தைவிட அதன் தன்மையே முதன்மையாகக் கருதப்பட்டது. நாடி மெலிந்திருக்கிறதா, தடித்திருக்கிறதா, சீராக நடக்கிறதா, தட்டுத்தடுமாறுகிறதா என்று விரல் உணர்ந்ததே மருத்துவருக்குச் செய்தி.

நாடியைக் காலத்தோடு ஒப்பிட்டு அளந்தவர்களுள் நாம் அறிந்த மிகப் பழையவர் ஹீரோபிலஸ். கி.மு. 3ஆம் நூற்றாண்டையொட்டி எகிப்தின் அலெக்சாந்திரியா நகரில் வாழ்ந்த இந்தக் கிரேக்க மருத்துவர், சிறிய நீர்க்கடிகாரம் ஒன்றைக் கொண்டு நோயாளியின் நாடியை அளந்து காய்ச்சலை மதிப்பிட்டார் என்று பிற்கால நூலாசிரியர் ஒருவர் குறித்துள்ளார். அந்த முறை அவருக்குப் பின் பரவவில்லை.

17ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இத்தாலிய மருத்துவர் சான்டோரியோ சான்டோரியோ நாடியை அளக்க ஊசலைப் பயன்படுத்தினார். நூலில் கட்டிய ஈயக் குண்டை ஆடவிட்டு, அதன் ஆட்டமும் நோயாளியின் நாடியும் ஒத்துப்போகும் வரை நூலைக் கூட்டியோ குறைத்தோ பிடிப்பார். பிறகு நூலின் நீளத்தை அளவுகோலில் குறித்துக்கொள்வார். நாடி விரைந்தால் நூல் குறுகும்; நாடி தணிந்தால் நூல் நீளும். எனவே, ‘நிமிடத்துக்கு இத்தனை’ என்ற எண் இந்தக் கருவியில் கிடைக்காது. ஆனால் ஒரே நோயாளியின் நேற்றைய அளவையும் இன்றைய அளவையும் ஒப்பிட முடிந்தது. இன்றும் இவ்வகைக் கடிகாரங்களின் மிகப் பயனுள்ள வேலை இதுதான்.

நிமிடக் கணக்கைக் கொண்டுவந்தவர் இங்கிலாந்தின் லிச்ஃபீல்ட் நகர மருத்துவர் சர் ஜான் ஃபிளாயர். அக்காலக் கடிகாரங்களில் நொடி முள் பொதுவாக இருக்கவில்லை. ஆகவே, சரியாக ஒரு நிமிடம் ஓடி நிற்கும் தனிக் கடிகாரம் ஒன்றை அவர் பயன்படுத்தினார். அதைச் செய்துகொடுத்தவர் சாமுவேல் வாட்சன் என்ற கடிகாரக் கலைஞர். 1707இல் ஃபிளாயர் வெளியிட்ட ‘மருத்துவரின் நாடிக் கடிகாரம்’ என்ற பொருள்படும் நூலில், வயது, உணவு, பருவநிலை, நோய் ஆகியவற்றுக்கேற்ப நாடி எண்ணிக்கை மாறுவதைப் பட்டியலிட்டார். அதே நூலில் சீனர்களின் நாடி பார்க்கும் முறையையும் விவரித்தார். எண்ணிக்கை வேண்டும் என்று வாதிட்டவரே விரலின் அறிவையும் விட்டுவிடவில்லை என்பது கவனிக்கத்தக்கது.

அடுத்த பெரிய அடியை 1860இல் பிரான்சின் எட்டியென்-ஜூல் மாரே எடுத்துவைத்தார். அவர் உருவாக்கிய கருவியை மணிக்கட்டில் கட்டிக்கொண்டால், நாடியின் ஒவ்வொரு எழுச்சியையும் ஒரு நெம்புகோல் பெரிதாக்கி, புகைக்கரி பூசிய தாளில் அலையாக வரையும். மணிக்கட்டில் கட்டி நாடியைப் பதிவு செய்யும் எண்ணம் இவ்வாறு 19ஆம் நூற்றாண்டிலேயே வடிவம் பெற்றுவிட்டது.

இதயத்தின் மின்சாரம்

நாடி என்பது இதயம் தள்ளிய குருதி மணிக்கட்டுக்கு வந்து சேரும் அலை. இதயத்தைச் சுருங்கச் செய்வதோ மின்துடிப்பு. அந்த மின்துடிப்பை மனித உடலின் மேற்பரப்பிலேயே பதிவு செய்ய முடியும் என்பதை 1887இல் இலண்டன் செயின்ட் மேரி மருத்துவமனையில் அகஸ்டஸ் வாலர் காட்டினார். அவருடைய கருவி மெதுவானது. பதிவும் தெளிவாக இல்லை.

நெதர்லாந்தின் லெய்டன் பல்கலைக்கழகத்தில் பணியாற்றிய வில்லெம் ஐந்தோவன், காந்தப் புலத்தில் நிறுத்திய மிக மெல்லிய இழை ஒன்றின் அசைவைக் கொண்டு அந்த மின்னோட்டத்தைத் துல்லியமாகப் பதிவு செய்தார். 20ஆம் நூற்றாண்டின் முதல் ஆண்டுகளில் உருவான இந்தக் கருவியின் எடை ஏறத்தாழ 270 கிலோ. அதை இயக்க ஐந்து பேர் வேண்டியிருந்தது. நோயாளி இரு கைகளையும் ஒரு காலையும் உப்புநீர்ப் பாத்திரங்களில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். இன்று ஈ.சி.ஜி. தாளில் காணும் பி, கியூ, ஆர், எஸ், டி என்ற பெயர்கள் ஐந்தோவன் இட்டவை. இப்பணிக்காக 1924இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது.

இந்தப் பதிவில் உயர்ந்து நிற்கும் கூர்முனை ‘ஆர்’ ஆகும். அடுத்தடுத்த இரண்டு ஆர் முனைகளுக்கு இடைப்பட்ட நேரத்தைக் கொண்டு துடிப்பு வீதத்தைக் கணக்கிடலாம். இடைவெளி 1 நொடி என்றால் நிமிடத்துக்கு 60 துடிப்பு. அரை நொடி என்றால் 120. இன்றைய மார்புப் பட்டை செய்யும் கணக்கும் இதுவே.

படுத்திருப்பவரை மட்டும் அளந்த ஈ.சி.ஜி.யை நடமாடுபவரின் உடலில் ஏற்றியவர் அமெரிக்காவின் மொன்டானா மாநிலத்தைச் சேர்ந்த நார்மன் ஹோல்டர். 1940களின் இறுதியில் அவர் உருவாக்கிய வானொலி ஈ.சி.ஜி. கருவியை முதுகில் சுமக்க வேண்டும். எடை ஏறத்தாழ 38 கிலோ. பின்னர் டிரான்சிஸ்டர் வந்ததும் கருவி மிகச் சிறிதானது. நாள் முழுவதும் இதயத்தைப் பதிவு செய்யும் சிறு கருவியை மருத்துவமனைகளில் இன்றும் ‘ஹோல்டர்’ என்றே அழைக்கிறார்கள்.

விளையாட்டுத் திடலில் நாடி

கடிகாரம் வருவதற்கு வெகுகாலம் முன்பே பயிற்சியாளர்கள் நாடியைக் கணக்கில் எடுத்துக்கொண்டார்கள். 1930களில் ஜெர்மனியின் பயிற்சியாளர் வோல்டெமார் கெர்ஷ்லரும் இதய மருத்துவர் ஹெர்பர்ட் ரைன்டலும் இடைவெளிப் பயிற்சி முறையை நாடியின் அடிப்படையில் வகுத்தார்கள். ஓட்டக்காரர் விரைந்து ஓடி, நாடி 180 அளவுக்கு உயர்ந்ததும் ஓய்வெடுப்பார். அது ஏறத்தாழ 120க்கு இறங்கிய பிறகே அடுத்த ஓட்டம். கெர்ஷ்லரிடம் பயின்ற ருடால்ஃப் ஹார்பிக் 1939இல் மிலான் நகரில் 800 மீட்டரை 1 நிமிடம் 46.6 நொடியில் ஓடி உலக சாதனை படைத்தார். அச்சாதனை 1955 வரை நின்றது.

பின்லாந்தின் மார்ட்டி கார்வோனென் 1957இல் வெளியிட்ட ஆய்வு இன்னொரு கருத்தைத் தந்தது. ஆறு இளைஞர்களை ஓடுபொறியில் பயிற்சி செய்ய வைத்து நடத்திய சிறிய ஆய்வு அது. உச்சத் துடிப்பிலிருந்து ஓய்வுத் துடிப்பைக் கழித்தால் வருவது ஒருவருடைய ‘துடிப்பு இருப்பு’; பயிற்சியின் கடுமையை அதன் விழுக்காடாகக் கணக்கிட வேண்டும் என்ற முறை இதிலிருந்து பிறந்தது. எடுத்துக்காட்டாக, ஒருவரின் உச்சத் துடிப்பு 180, ஓய்வுத் துடிப்பு 60 என்று கொள்வோம். இருப்பு 120. அதில் 60 விழுக்காடு 72. அதனுடன் 60ஐக் கூட்டினால் 132. வெறுமனே உச்சத் துடிப்பில் 60 விழுக்காடு எடுத்தால் 108 மட்டுமே வரும். ஒரே ‘60 விழுக்காடு’ இரண்டு முறைகளில் 24 துடிப்பு வேறுபடுகிறது. கடிகாரம் காட்டும் பயிற்சி மண்டலங்கள் எந்த முறையில் அமைந்தவை என்று பார்க்க வேண்டியதன் காரணம் இதுதான்.

இவை அனைத்துக்கும் பொதுவான இடையூறு, ஓடும்போது நாடியை எண்ண முடியாது என்பதே. நின்று எண்ணத் தொடங்கினால் அதற்குள் துடிப்பு இறங்கத் தொடங்கிவிடும். அதனால் 10 நொடி மட்டும் எண்ணி ஆறால் பெருக்குவார்கள். அதில் ஒரு துடிப்பு தவறினாலும் விடையில் ஆறு துடிப்பு பிழையாகும்.

பின்லாந்தில் பிறந்த கடிகாரம்

இந்த இடையூறுக்குத் தீர்வு வட பின்லாந்தின் பனியில் பிறந்தது. ஓலு பல்கலைக்கழகத்தில் மின்னணுவியல் பேராசிரியராக இருந்த செப்போ சைனாயாகங்காஸ், 1975இல் பனிச்சறுக்குத் தடத்தில் ஒரு பயிற்சியாளருடன் பேசியபோது, வீரர்களின் துடிப்பைப் பயிற்சியின் நடுவிலேயே அளக்க வழியில்லை என்ற குறையைக் கேட்டறிந்தார். 1977இல் ஓலுவை அடுத்த கெம்பெலே என்ற ஊரில் போலார் எலெக்ட்ரோ நிறுவனத்தைத் தொடங்கினார். முதலில் விரல் நுனியில் துடிப்பை அளக்கும் மின்கலக் கருவி ஒன்று உருவானது. 1982இல் ‘ஸ்போர்ட் டெஸ்டர் பி.ஈ. 2000’ வெளிவந்தது. உடலில் அணிந்து செல்லத்தக்க முதல் கம்பியில்லா இதயத் துடிப்புக் கருவியாக இது கருதப்படுகிறது.

மார்பிலுள்ள மின்முனைகள் ஆர் முனையை உணர்ந்ததும், பட்டை ஒரு சிறு காந்தத் துடிப்பை வெளியிடும். ஏறத்தாழ ஒரு மீட்டர் தொலைவுக்குள் இருக்கும் மணிக்கட்டுக் கருவி அதை ஏற்று எண்ணாகக் காட்டும். பழைய பட்டைகளில் ஒரு வேடிக்கையான குறை இருந்தது. இருவர் அருகருகே ஓடினால் ஒருவருடைய துடிப்பு மற்றவருடைய கடிகாரத்தில் கலந்துவிடும். பின்னர் ஒவ்வொரு பட்டைக்கும் தனிக் குறியீடு கொடுத்து இதைச் சரிசெய்தார்கள். இப்போது புளூடூத் முறையில் கடிகாரமும் பட்டையும் தமக்குள் இணைந்துகொள்கின்றன.

ஒளியால் அளக்கும் முறை

மணிக்கட்டு வழியின் தொடர்ச்சி ஒளியின் துணையோடு வந்தது. 1930களின் இறுதியில் அமெரிக்க உடலியங்கியல் அறிஞர் ஆல்ரிக் ஹெர்ட்ஸ்மேன், தோலில் ஒளியைப் பாய்ச்சி, திரும்பி வரும் ஒளியின் மாற்றத்திலிருந்து குருதியின் கன அளவு மாறுவதை அளக்கலாம் என்று காட்டினார். ஒவ்வொரு துடிப்பிலும் தோலடிக் குழாய்களில் குருதி சற்றுப் பெருகும்; அப்போது கூடுதல் ஒளி உறிஞ்சப்படும். ஜப்பானியப் பொறியாளர் டகுவோ அவோயாகி 1970களில் இதே அடிப்படையில் குருதியின் ஆக்சிஜன் அளவைக் கண்டறியும் வழியைத் தந்தார். கொரோனா காலத்தில் வீடுதோறும் விரலில் மாட்டிப் பார்த்த பல்ஸ் ஆக்ஸிமீட்டர் அதன் பயனே.

விரல் நுனியில் எளிதாக வேலை செய்த இம்முறை, ஓடுபவரின் மணிக்கட்டில் தடுமாறியது. கை வீசும்போது குருதியும் தோலும் கருவியும் சேர்ந்து அசைவதால் துடிப்பின் சிறு அலை அந்தப் பெரிய அசைவில் மறைந்துவிடும். அசைவு உணரியின் பதிவைக் கொண்டு அசைவின் பங்கைக் கழிக்கும் கணக்கு முறைகள் வளர்ந்த பிறகே, 2010களில் மார்புப் பட்டை இல்லாத கடிகாரங்கள் சந்தைக்கு வந்தன. மியோ ஆல்ஃபா அவற்றுள் முன்னோடி. 2015இல் ஆப்பிள் வாட்ச் வந்தபின் இவ்வசதி பொதுமக்களிடம் பரவியது. குருதி பச்சை ஒளியை நன்கு உறிஞ்சும் என்பதால்தான் பெரும்பாலான கடிகாரங்களின் அடியில் பச்சை விளக்குகள் மின்னுகின்றன.

2018இல் வந்த ஆப்பிள் வாட்ச் நான்காம் வரிசையில், கடிகாரத்தின் அடிப்பகுதி ஒரு கையையும் பக்கவாட்டுத் திருகு மறு கையின் விரலையும் தொட, ஈ.சி.ஜி. பதிவு செய்யும் வசதி சேர்ந்தது. தனித்தனியே வளர்ந்த இரண்டு வழிகளும் ஒரே கடிகாரத்தில் சந்தித்தன. 270 கிலோ கருவியின் வேலையில் ஒரு பகுதி மணிக்கட்டில் ஏறிக்கொண்டது.

‘220 கழித்தல் வயது’

கடிகாரங்கள் பயிற்சி மண்டலங்களைப் பிரிக்கப் பெரும்பாலும் உச்சத் துடிப்பையே அடிப்படையாகக் கொள்கின்றன. அதற்குப் பரவலாக அறியப்பட்ட சூத்திரம் ‘220 கழித்தல் வயது’. இது 1971இல் ஃபாக்ஸ், நாட்டன், ஹாஸ்கெல் ஆகியோரின் கட்டுரையிலிருந்து பரவியது. இதற்கெனத் தனிச் சோதனை எதுவும் நடத்தப்படவில்லை. முன்பு வெளிவந்த சில ஆய்வுகளின் அளவுகளைத் தொகுத்து, அவற்றின் போக்கைத் தோராயமாகச் சுட்டியதே இந்தச் சூத்திரம். எளிமையால் அது உடற்பயிற்சிக் கூடங்களின் சுவர்களிலும் பின்னர் கடிகாரங்களிலும் ஏறி, சட்டம் போல நிலைத்துவிட்டது.

2001இல் டனாகாவும் உடன் ஆய்வாளர்களும் 351 ஆய்வுகளில் இடம்பெற்ற 18,712 பேரின் தரவுகளைத் தொகுத்து, ‘208 கழித்தல் வயதின் 0.7 மடங்கு’ என்ற சூத்திரத்தைத் தந்தார்கள். 40 வயதில் இரண்டும் 180 என்றே காட்டும். 60 வயதில் பழையது 160 எனக் காட்ட, புதியது 166 எனக் காட்டும். எனினும் எந்தச் சூத்திரமும் சராசரியையே தரும். ஒரே வயதினரிடையே உச்சத் துடிப்பு 10, 12 கூடியோ குறைந்தோ இருப்பது இயல்பு. அதற்கு மேல் வேறுபடுவோரும் உண்டு. ஆகவே, கடிகாரம் ‘மிகக் கடுமை’ என்று சிவப்பில் எச்சரிக்கும் அளவு ஒருவருக்கு இயல்பான ஓட்டமாக இருக்கலாம். மற்றொருவருக்குப் பச்சையில் காட்டும் அளவே உடல் தாங்கும் எல்லையைத் தாண்டியிருக்கலாம்.

இதை முன்பே உணர்ந்தவர் சுவீடனின் உளவியல் அறிஞர் குன்னார் போர்க். உடலுழைப்பின் கடுமையை அவரவரே 6 முதல் 20 வரை மதிப்பிடும் அளவுகோலை அவர் வகுத்தார். நலமுள்ள இளைஞர் ஒருவர் சொல்லும் எண்ணைப் பத்தால் பெருக்கினால் அவருடைய துடிப்பு ஏறத்தாழ வரும்படி அது அமைந்தது. உடல் உணர்வதும் ஓர் அளவையே என்பது அவருடைய கருத்து.

தேர்வும் பயன்பாடும்

இந்த வரலாற்றிலிருந்து நடைமுறைக்குப் பயன்படும் சில முடிவுகளைப் பெறலாம்.

விரைந்து ஓடி, நின்று, மீண்டும் ஓடும் இடைவெளிப் பயிற்சிக்கும், எடை தூக்குதல், மிதிவண்டி ஓட்டுதல் போன்று மணிக்கட்டு இறுகும் பயிற்சிகளுக்கும் மார்புப் பட்டையே ஏற்றது. மின்துடிப்பை நேராக உணர்வதால் மாற்றத்தை உடனே காட்டும். மின்முனைகளை நீரில் நனைத்துக் கட்ட வேண்டும். வியர்வை வந்தபின் தொடர்பு இன்னும் நன்றாகும். ஐந்தோவனின் உப்புநீர்ப் பாத்திரம் செய்த வேலையை இங்கே வியர்வை செய்கிறது.

நடைப்பயிற்சி, சீரான ஓட்டம், ஓய்வுத் துடிப்பு ஆகியவற்றை அறிய மணிக்கட்டுக் கடிகாரம் போதும். அதை மணிக்கட்டு எலும்புக்குச் சற்று மேலே, நகராதபடி, ஆனால் குருதி ஓட்டத்தைத் தடுக்காதபடி அணிய வேண்டும். பச்சை குத்திய இடமும் குளிர்ந்த கையும் அளவைக் கெடுக்கும். தோலின் கருமை அளவைப் பாதிக்குமா என்ற கேள்வியை ஆராய்ந்து 2020இல் வெளிவந்த ஓர் ஆய்வு, 53 பேரிடம் தோல் நிறத்தால் குறிப்பிடத்தக்க வேறுபாட்டைக் காணவில்லை. உடல் அசைவால்தான் பிழை கூடியது. ஓடும்போது கடிகாரம் காட்டும் எண் நிமிடத்துக்கு வைக்கும் அடிகளின் எண்ணிக்கையோடு ஒட்டிப்போனால், அது இதயத்துக்குப் பதிலாகக் காலடிகளை எண்ணிக்கொண்டிருக்கலாம் என்று ஐயுற வேண்டும்.

கடிகாரத்தைச் சோதிக்க வேறு கருவி தேவையில்லை. அசையாமல் உட்கார்ந்து, மணிக்கட்டில் விரல் வைத்து 30 நொடி எண்ணி இரண்டால் பெருக்கினால் போதும். காலையில் எழுந்தவுடன் எடுக்கும் ஓய்வுத் துடிப்பை நாள்தோறும் குறித்துவைப்பது, ஒருநாள் ஓட்டத்தில் எட்டிய உச்ச எண்ணைவிட அதிகம் சொல்லும். வாரக்கணக்கில் அது மெல்ல இறங்கினால் பெரும்பாலும் உடல்திறன் கூடுகிறது என்று பொருள். வழக்கத்தைவிடத் திடீரென உயர்ந்தால் காய்ச்சல், உறக்கமின்மை, மிகைப் பயிற்சி போன்றவை காரணமாக இருக்கலாம். வெயிலும் புழுக்கமும் மிகுந்த நாளில் அதே வேகத்துக்கும் துடிப்பு கூடுதலாகவே இருக்கும். அந்நாளில் வேகத்தைக் குறைப்பதே முறை.

கடிகாரத்தின் எல்லையை அறிவது உயிருக்கே தேவையானது. பீட்டா தடுப்பு மருந்துகளை உட்கொள்வோரின் துடிப்பு உழைப்புக்கு ஏற்ப உயராது. அவர்களுக்கு வயதுச் சூத்திரம் பொருந்தாது. அவர்கள் இலக்கு எண்ணை மருத்துவரிடமே கேட்டறிய வேண்டும். ஆப்பிள் வாட்ச் அணிந்த 4,19,297 பேரை வைத்து அமெரிக்காவில் நடந்த ஆய்வு 2019இல் வெளிவந்தது. அதில் 0.52 விழுக்காட்டினருக்கு ஒழுங்கற்ற துடிப்பு பற்றிய எச்சரிக்கை வந்தது. அவர்களுள் ஒட்டுப்பட்டை ஈ.சி.ஜி. அணிந்து திருப்பி அனுப்பியவர்களில் 34 விழுக்காட்டினரிடம் ஏட்ரியக் குறுநடுக்கம் என்னும் கோளாறு பதிவானது. எச்சரிக்கை வந்தால் மருத்துவரைப் பார்க்க வேண்டும்; ஆனால் அதுவே நோய் முடிவாகாது.

எச்சரிக்கை வரவில்லை என்பது நலத்துக்குச் சான்றும் ஆகாது. மாரடைப்பின்போது துடிப்பு எண்ணிக்கை இயல்பாகவே இருக்கக்கூடும். இக்கடிகாரங்கள் மாரடைப்பைக் கண்டறிவதில்லை. நெஞ்சு வலி, மூச்சுத் திணறல், மயக்கம், இடக்கையிலோ தாடையிலோ பரவும் வலி இருந்தால், கடிகாரம் 72 என்று காட்டினாலும் உடனே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும்.

ஹீரோபிலஸின் நீர்க்கடிகாரம் முதல் இன்றைய ஒளி உணரி வரை, துடிப்பை எண்ணும் வேலை படிப்படியாகக் கருவியின் கைக்குச் சென்றது. அந்த எண்ணிக்கை யாருடையது, எந்த நிலையில் எடுத்தது, அவருக்கு அது வழக்கமானதா என்று பார்க்கும் வேலை மட்டும் அணிந்திருப்பவரிடமும் அவருடைய மருத்துவரிடமுமே இருக்கிறது.